பின் சீற்றை மடித்தால்

போன மாதம் ஒருவர் வாகனத்தை விலைக்குப் பார்க்க வந்தார். நானாட்டான் பக்கம் வயல் செய்கிறவர். சுற்றிச் சுற்றி வந்தார். கதவுகளின் கீழ் விளிம்பில் உப்புக்காற்று தின்ற இடங்களை விரலால் தட்டிப் பார்த்தார். பின்கதவைத் தூக்கினார். அது தானாக நிற்காது என்று நான் சொல்வதற்குள் அவருடைய தலையில் இறங்கிவிட்டது. ஓடிப்போய், கூட்டுகிற தும்புத்தடியின் உடைந்த கம்பை எடுத்து முட்டுக் கொடுத்தேன்.

“பின் சீற்றை ஒருக்கா நிமித்திக் காட்டுங்கோ அக்கா.”

“அது நிமிராது.”

“ஏன்?”

“கன நாள் மடிஞ்சே கிடந்தது. பூட்டு இறுகிப்போச்சு.”

அவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “அப்ப இது குடும்பம் ஏறுற வாகனம் இல்லையே, சாமான் ஏத்துற வாகனம்.”

இப்படியான நேரங்களில் எனக்குப் பதில் வருவது, வந்தவர் போய், நான் கதவைச் சாத்திய பிறகுதான். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. அது குடும்பம் ஏறின வாகனந்தான். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர். ஒருவர் இருந்து ஓட்ட வேண்டும், மற்றவர் படுத்து வர வேண்டும்.

என் கணவர் சொந்தப் படகில் தொழில் செய்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு முறை மெசினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சொன்னபோது, மன்னாரில் இருந்த எங்களுக்கு இடம் கிடைத்தது வவுனியா ஆஸ்பத்திரியில். முதல் சில மாதங்கள் பஸ்ஸில் போனோம். போகும்போது பெரிய கரைச்சல் இல்லை. திரும்பி வரும்போதுதான் பாடு. மெசினால் இறங்கினதும் அவருக்கு இரத்த அழுத்தம் விழுந்துவிடும். முகம் சாம்பல் நிறமாகிவிடும். தலையைச் சாய்க்க இடமில்லாமல் முன்சீற்றுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு மன்னார் வரைக்கும் வருவார். ஒரு நாள் முருங்கன் தாண்டினதும் பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துவிட்டார். அதன் பிறகுதான் படகை அவருடைய தம்பியாருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டு இந்த வாகனத்தை எடுத்தோம்.

ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த சின்ன வாகனம். முன்பக்கத்தில் நின்று பார்த்தால் கார். பக்கத்தில் நின்று பார்த்தால், காரின் கூரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சட்டென்று வெட்டி நிறுத்தினது போல இருக்கும். வான் எடுக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள். வானில் கால் தூக்கி ஏற வேண்டும். அவருக்கு அது ஏலாது. இதன் பின்வாசல் முழங்கால் உயரந்தான். கதவை மேலே தூக்கிவிட்டால் அவர் அந்த விளிம்பில் கதிரையில் இருப்பதுபோல இருந்து, கையை ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்து, அப்படியே சாய்ந்துகொள்ளலாம். ஒருவரும் தூக்க வேண்டியதில்லை. தன்னை ஒருவர் தூக்குவது அவருக்குப் பிடிக்காது.

பின் சீற் இரண்டு துண்டாக மடியும். பெரிய துண்டு இடப்பக்கம், சின்னத் துண்டு எனக்குப் பின்னால். ஒரு நாடாவை இழுத்தால் முதுகுப்பக்கம் முன்னுக்கு விழுந்து டிக்கித் தரையோடு சேர்ந்துவிடும். சேர்ந்துவிடும் என்று விற்றவர் சொன்னார். உண்மையில் நடுவில் நாலு விரல் அளவு படி ஒன்று நிற்கும். அது சரியாக அவருடைய இடுப்பு வருகிற இடம். பழைய சீலைகளை மடித்து அந்தப் படியை நிரப்பினேன். பிறகு பஜாரில் மெத்தை தைக்கிறவரிடம் வாகனத்தையே கொண்டுபோய்க் காட்டி, சக்கரச் சில்லை மூடியிருக்கிற மேடு வருகிற இடத்தில் வளைவாக வெட்டி ஒரு மெத்தை செய்வித்தேன். முன் இடப்பக்கச் சீற்றை முடிந்த மட்டும் முன்னுக்குத் தள்ளினால் அவருடைய உயரத்துக்கு இடம் காணும். தலை என் முழங்கைக்குப் பின்னால் இருக்கும், கால் பின்கதவுப் பக்கம்.

“அணியத்துப் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறன், படகில படுக்கிறமாதிரி” என்றார் முதல் நாள். அணியம் என்றால் படகின் முன்முனை.

சாமான் பை கொழுவுவதற்கு என்று பக்கச் சுவரில் வைத்திருந்த கொக்கியில் அவருக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தால் பிடிக்கிற பையைக் கொழுவினேன். ஒரு குறை, கண்ணாடிகள். பின்பக்கம் முழுவதும் பெரிய பெரிய கண்ணாடி. குடும்பமாகப் போகிறவர்கள் வெளியே பார்த்து மகிழட்டும் என்று செய்திருப்பார்கள். படுத்திருக்கிறவருடைய முகத்தில் வெயில் நேராக அடிக்கும். அதனால் அவர் போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டுதான் வருவார். நான் அடிக்கடி “இஞ்சாருங்கோ” என்று கூப்பிடுவேன். “ஓம், இருக்கிறன்” என்று போர்வைக்குள் இருந்து குரல் வரும்.

வாகனம் ஓட்டப் பழகினது எனக்கு வியாதியை விடப் பெரிய சோதனை. நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும்தான் படித்தவள். கடையில் இரண்டு பேர் நின்றால் அவர்கள் போகும்வரை வெளியே நிற்கிறவள். சாரதிப் பத்திரம் கிடைத்த பிறகும் ஹோர்ன் அடிக்கக் கூச்சம். மன்னார்த் தெருக்களில் கழுதைகள் நடுவீதியில் நின்று யோசிக்கும். எல்லோரும் ஹோர்ன் அடித்து விலத்துவார்கள். நான் அவை யோசித்து முடிக்கும்வரை நிற்பேன்.

“கழுதைக்கும் மரியாதை குடுக்கிற ஒரே ஆள் நீதான்” என்று பின்னாலிருந்து சொல்வார்.

வாகனம் வந்து ஒரு மாதத்துக்குள் தெரு முழுவதும் அது எங்களுடையது மட்டுமில்லை என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் அவருடைய கையில் ஏதாவது கொடுத்துவிடுவது வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா வவுனியாவில் இருக்கிற மகளுக்குக் கருவாட்டுப் பெட்டி கொடுப்பார். மூன்று வீடு தள்ளித் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, வரும்போது வவுனியாவில் ஒரு கடையில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு வரச் சொல்வார். “டிக்கி சும்மாதானே கிடக்கு தங்கச்சி.” சும்மா கிடக்கவில்லை, அதில் என் புருசன் கிடக்கிறார் என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். கட்டுகள் ஏறும். அவர் காலை மடக்கிக்கொள்வார். திரும்பி வரும்போதும் விடாத கருவாட்டு மணத்துக்கு அவருக்குச் சத்தி வரும், கொக்கியில் இருக்கிற பையை எடுத்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது. போவதும் வருவதும், அடுத்த நாள் படுத்துக் கிடப்பதும், மூன்றோ நாலோ நாளில் திரும்பவும் போவதும். எனக்குத் தோள்மூட்டு இரண்டும் இரவும் பகலும் வலித்தது. இரண்டாவது வருடம் ஒரு நாள், செட்டிகுளத்துக்கு இந்தப்பக்கம் ரோட்டுப் பள்ளங்களில் குலுங்கிக்கொண்டு வரும்போது அவர் போர்வையை விலக்கிச் சொன்னார்.

“இஞ்ச பார், எனக்குக் காணும். நிப்பாட்டுவம்.”

வாகனத்தை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்துப் பிரேக்கில் காலை வைத்தேன்.

“வாகனத்தை இல்லை. இந்தப் போக்குவரத்தை.”

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். மெசினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போலத் தானாக இறங்கவில்லை. விளிம்பில் நெடுநேரம் இருந்தார். அடுத்த முறை ஏறுவாரோ மாட்டாரோ என்று அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினார். ஆனால் ஏறும்போது முகத்தை என் பக்கம் திருப்புவதில்லை.

அந்த நாட்களில்தான் துணிக்கடை நானாவின் வாப்பாவும் வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்ல வயதானவர். ஒரு நாள் என் கணவர் மெசினில் இருக்கும்போது நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நானா விறாந்தையால் நடந்து வந்தார். தொப்பி கையில் இருந்தது. வந்து பக்கத்தில் நின்றார், இருக்கவில்லை.

“தங்கச்சி, வாப்பா மௌத்தாகிட்டாங்க.”

தகப்பன் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எழும்பி நின்றேன்.

“பேப்பர் எல்லாம் தந்திட்டாங்க. எங்கட பள்ளிவாசல் வான் இன்னொரு ஜனாஸாவை எடுக்கப் புத்தளம் போயிட்டு. வெளிய கேட்டுப் பாத்தன். மையத்து எண்டதும் ஒருத்தனும் வாறான் இல்ல. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி கொண்டுபோய்ச் சேத்தா இண்டைக்கே அடக்கிறலாம். உம்மா பாத்துக்கொண்டு இருக்கிறாங்க.” தொப்பியைக் கைக்குள் மடித்தார். “உங்கட வாகனத்திலதான் நேராப் படுக்க வைக்கலாம்.”

முஸ்லிம்கள் இறந்தவரை வைத்திருக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாகனத்தில் நேராகப் படுக்க ஒரு இடம்தான் இருக்கிறது என்பதும் தெரியும். “அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன் நானா” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய மறுப்பு அதுதான்.

அவர் மெசினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சொன்னேன்.

“குடுக்காம என்ன?” என்றார் கண்ணைத் திறக்காமலே.

“நீங்கள் எங்க படுக்கிறது?”

“நான் முன்னுக்கு இருந்து வாறன். செத்தவரை இருத்திக்கொண்டு போகேலாதுதானே.”

“பிரஷர் விழும்.”

“விழுந்தாப் பாப்பம். போய்ச் சொல்லு, அந்தப் பெடியன் அங்க நிண்டு தவிக்கப் போறான்.” நானாவுக்கு அப்போதே நரை தொடங்கியிருந்தது. தகப்பன் இறந்தால் எல்லோரும் பெடியன்தான் போலிருக்கிறது.

அவர் மெசினால் இறங்கினதும் பிரேத அறைக்குப் பின்னால் வாகனத்தைக் கொண்டுபோய்ப் பின்கதவைத் திறந்தேன். நானா மெத்தையை இழுத்து எடுக்கப் போனார்.

“கிடக்கட்டும் நானா” என்றார் என் கணவர், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு. “ரோட்டு சரியில்லை. வயசான மனிசன்.”

வெள்ளைத் துணியால் மூடி, தலை முன்பக்கம், கால் பின்பக்கமாக வாப்பாவைக் கிடத்தினார்கள். உயரமான மனிதர். முன் சீற்றை இன்னும் ஒரு பல் முன்னுக்குத் தள்ள வேண்டி வந்தது. அந்தச் சீற்றில் என் கணவர் இருந்தபோது முழங்கால்கள் டாஷ்போர்டில் முட்டின. முதுகைச் சாய்க்கவும் முடியாது, பின்னால் வாப்பாவின் தலை. நானா எனக்குப் பின்னால் சின்னத் துண்டுச் சீற்றில் இருந்து தகப்பனின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

நானா மெல்லிய குரலில் ஓதிக்கொண்டு வந்தார். மடு மாதா கோயிலுக்குத் திரும்புகிற மடுச் சந்தியில் நான் வழக்கம்போலச் சிலுவை போட்டேன். இவரும் போடுவார் என்று பார்த்தேன். கை எழும்பவில்லை. தலை கண்ணாடிப் பக்கம் சரிந்திருந்தது.

“இஞ்சாருங்கோ!”

பதில் இல்லை. வாகனத்தை ஓரம் கட்டினேன். கன்னம் குளிர்ந்து வேர்த்திருந்தது. இமை அசைந்தது, பேச்சு வரவில்லை. காலை உயர்த்தி, தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்க வேண்டும். ரோட்டோரம் முள்ளும் கொதிக்கிற கிரவல் கல்லும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நானாதான் இறங்கினார். தான் இருந்த சின்னச் சீற்றின் நாடாவைத் தேடி இழுத்தார். அது விழுந்து மற்றதோடு சமமானது.

“மச்சானை இங்கால படுக்க வைப்பம்.”

“வாப்பாவுக்குப் பக்கத்திலயோ?”

“வாப்பா ஒண்டும் சொல்ல மாட்டாங்க.” பிறகு குனிந்து, இரண்டு கையாலும் தகப்பனை மெத்தையோடு ஓரத்துக்கு இழுத்தார். “வாப்பா, கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்றார், வீட்டில் பாயில் கிடக்கிறவருக்குச் சொல்வதுபோல. சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே என் கணவரைத் தூக்கினார். அன்றைக்குத் தன்னைத் தூக்கினது இவருக்குத் தெரியாது.

என் சீற்றையும் முன்னுக்குத் தள்ளினேன். ஸ்டேரிங் நெஞ்சில் முட்டியது. நானா முன்னால் வந்து முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார். முகத்தில் வெயில் அடித்ததால் என் கணவருக்குப் போர்வையை இழுத்து மூடினேன். துவைத்துத் துவைத்துப் பூவெல்லாம் வெளிறிய போர்வை. பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குள் பார்த்தபோது இரண்டு வெள்ளை உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. நான் திரும்பக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. காதைத்தான் பின்னுக்கு வைத்திருந்தேன். முருங்கன் வரும்போது ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்தது. பின்னால் ஒரு முனகல் கேட்டது. நானாவும் நானும் ஒரே நேரம் மூச்சை விட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகல் வந்தது.

மன்னார்த் தீவுப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்தால் எங்கள் தெரு முனையில் கழுதைகள். பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் தொழுகைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நான் ஹோர்னை அமத்தினேன். கையை எடுக்காமல் அமத்தினேன். கழுதைகளை விட நான்தான் கூடத் திடுக்கிட்டேன்.

நானாவின் வீட்டு வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். வாகனம் நிற்க முன்னமே ஒருவர் பின்கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் நானாவும் முன்னால் நெருக்குப்பட்டுக் கிடந்ததால் உடனே இறங்க முடியவில்லை. “பிஸ்மில்லாஹ், காலைப் பிடிங்க, பையப் பைய” என்று கேட்டது. அவர்கள் பிடித்தது கிட்ட இருந்த கால்களை. யாரோ ஒரு கிழவர் அந்தக் கால்களில் முகத்தை வைத்து, “காக்கா, என்னை உட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று அழுதார். இறந்தவரின் தம்பி.

போர்வை அசைந்தது. என் கணவர் தலையை வெளியே எடுத்தார்.

“ஐயா, நான் இல்லை. அங்கால படுத்திருக்கிறவர்.”

கிழவர் காலை விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். “யா அல்லாஹ்!” என்று ஒருவர் பின்னால் பாய்ந்தார். நானா முன் கதவால் தலையை நீட்டி, “டேய், அது மச்சான்டா! வாப்பா மற்றப் பக்கம்!” என்று கத்தினார். ஒருவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு சரியானவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். குளிப்பாட்டி, தொழுது, பொழுது போகுமுன் அடக்கிவிட்டார்கள்.

அடுத்த பயணம் வரைக்கும் இருந்த நாட்களில் என் கணவர் முற்றத்துக் கதிரையில் இருந்து வாகனத்தைப் பார்ப்பார், பிறகு வேறு பக்கம் பார்ப்பார். நானாவின் மனைவி மெத்தை உறையைக் கழற்றிக்கொண்டுபோய், புதிதாக ஒன்று தைத்துப் போட்டு அனுப்பினார். பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வாகனத்துக்குத் தீர்த்தம் தெளிப்பியுமன். அதுக்குப் பிறகு கருவாட்டைக் குடுத்து விடுறன். அதுவரைக்கும் வேண்டாம் என்ன, குறை நினைக்காதையும்.”

உள்ளே வந்து இவரிடம் சொன்னேன். “சுவாமிக்குச் சொல்லாதை” என்றார். “கருவாடு வராமலே இருக்கட்டும்.” அவர் அந்த நாட்களில் சொன்ன ஒரே பகிடி அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறந்தவர் கிடந்த இடத்தில் திரும்பப் படு என்று ஒருவரை எப்படிக் கேட்பது? ஏற்கெனவே போதும் என்று சொன்ன மனிதர். கேட்காமலும் விட முடியாது.

போக வேண்டிய காலை வந்தது. ஒருவரும் பொதி கொண்டு வரவில்லை. நான் போத்தலில் தண்ணீர் நிரப்பினேன். கொக்கியில் பையைக் கொழுவினேன். பின்கதவைத் தூக்கிக் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். போகும்போது வழக்கமாக முன்னால்தான் இருப்பார். அன்றைக்கு முன் கதவையும் திறந்து வைத்தேன். எதையாவது தேர்ந்தெடுக்கட்டும், வீட்டுக்குள் மட்டும் திரும்பாதிருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அவர் வெளியே வந்தார். முன் கதவைப் பார்த்தார். நடந்து பின்னால் போனார். விளிம்பில் இருந்தார். புது உறையைக் கையால் தடவினார். மூச்சு ஆறும்வரை அப்படியே இருந்தார்.

“எந்தப் பக்கம் படுக்கப் போறீங்கள்?” என்றேன்.

“இதென்ன கேள்வி? என்ட பக்கம்தான்.”

கையை ஊன்றிப் பின்னுக்கு நகர்ந்து, வாப்பா கிடந்த அந்த இடப்பக்கத்தில் சாய்ந்தார். காலை முழுவதும் நீட்டினார். கருவாட்டுப் பெட்டி இல்லாததால் நீட்ட இடம் இருந்தது.

பாலத்தில் ஏறுகிற இடத்தில் ரோட்டு உடைந்திருக்கும். சில்லு இறங்கி ஏறியது. பின்னால் “ஆ” என்றார்.

“மெல்ல ஓட்டட்டோ?”

அவர் போர்வையை விலக்கிவிட்டுச் சொன்னார்.

“அண்டைக்குப் பக்கத்தில கிடந்த மனிசன் ஒரு குலுக்கலுக்கும் முனகேல்லை. நான்தான் எல்லாத்துக்கும் முனகிக்கொண்டு வந்தனான். அவருக்கு ஒண்டும் தெரியேல்லை, எனக்கு எல்லாம் தெரிஞ்சுது.” திரும்பப் போர்வையை இழுத்து மூடினார். “நீ ஓட்டு.”

செட்டிகுளத்து ரோட்டு அன்றைக்கும் பழைய ரோட்டுத்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முனகினார். நான் ஒன்றையும் விலத்தப் பார்க்காமல், கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.